டாணாக்காரன்: ஒரு வழக்குச்சொல்லின் வரலாறும் பொருளும்

முன்னுரை

காவல்துறையினரைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. போலீஸ்காரன், ஏட்டு, தொப்பி, மாமா, சிவப்புத் தொப்பி என வட்டாரத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப அவை மாறி வந்துள்ளன. அவற்றுள் 'டாணாக்காரன்' என்பது வயதில் மூத்த சொற்களுள் ஒன்று. கிராமப்புற முதியோரின் பேச்சில் மட்டும் தங்கியிருந்த இச்சொல், 2022ஆம் ஆண்டில் இதே பெயரில் வெளிவந்த திரைப்படத்திற்குப் பின் இளந்தலைமுறையினரின் காதிலும் விழுந்தது. அப்போது பலரும் எழுப்பிய கேள்வி, 'டாணா' என்றால் என்ன என்பதுதான். 'உருதுச் சொல், போலீஸ் நிலையம் என்று பொருள்' என்னும் விடையோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிட்டது. அவ்விடை முழுவதும் தவறன்று. ஆயினும் சொல்லின் ஒலிவடிவம் வேறொரு வழியைச் சுட்டுகிறது. அதனினும் முக்கியமாக, காவல் என்னும் நல்ல தமிழ்ச்சொல் கையிலிருக்கும்போது ஒரு புறச்சொல்லை மக்கள் ஏன் எடுத்தாண்டனர் என்ற வினாவிற்கு அவ்விடையில் இடமில்லை. இக்கட்டுரை இவ்விரண்டையும் ஆராய முற்படுகிறது.

சொல்லின் வடிவம்

டகரம் தமிழில் மொழிமுதல் வாராது என்பது தொல்காப்பியம் முதலாக இலக்கண நூல்கள் கூறும் விதி. ஆகவே டாணா என்பது வந்த சொல் என்பதை அதன் முதலெழுத்தே காட்டிவிடுகிறது. 'தாணா' என்னும் மற்றொரு வடிவம், முதலெழுத்தைத் தமிழ் மரபுக்கு இணங்கத் திருத்திக்கொண்டதன் விளைவு எனலாம். இரு வடிவங்களிலும் மாறாமல் நிற்பது இடையிலுள்ள ணகரம். வரலாற்றைச் சொல்லும் எழுத்து அதுவே.

இதன் மூலம் வடமொழியின் 'ஸ்தான' என்பதில் ஐயமில்லை. நிற்றல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, நிற்கும் இடம், நிலை என்று பொருள்படும் சொல் அது. பிராகிருதத்தில் இது நாவளை ஒலிகளோடு 'டாண' என்றாயிற்று. சமணர்களின் ஸ்தானாங்க சூத்திரம் அர்த்தமாகதியில் 'டாணாங்க' எனப் பெயர் பெறுவதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பிற்கால மொழிகளில் இச்சொல் இரு திசையாகப் பிரிந்தது. இந்தி, உருது, வங்காளம் ஆகியவற்றில் அது பல்லொலித் தகரமும் சாதாரண னகரமும் கொண்டு 'தானா' என ஒலிக்கிறது. மராத்தியிலோ முதலும் இடையும் நாவளை ஒலிகளாக 'டாணே' என நிற்கிறது. மும்பையை அடுத்துள்ள தாணே நகரின் பெயரும் அதுவே. சிலாகார மன்னர்களின் சாசனங்கள் அந்நகரை ஸ்ரீஸ்தானகம் எனக் குறிக்கின்றன. கன்னடத்தின் 'டாணெ', தெலுங்கின் 'டாணா' ஆகியவையும் மராத்தி வடிவத்தின் பக்கமே நிற்கின்றன.

இந்துஸ்தானியிலிருந்து நேரே வந்த சொற்களில் னகரம் னகரமாகவே தமிழில் நிலைத்தது. கஜானா, கார்கானா, திவான் என்பன காண்க. அவ்வழியே வந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது 'தானா', கிடைத்ததோ 'டாணா'. எனவே இச்சொல் தக்காணத்து ஆட்சிமொழிகளின் வழியாக, அதாவது மராத்தியும் அதனோடு ஊடாடிய தெலுங்கு, கன்னடமும் வழியாக, வந்தது என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நிலவிய மராத்தியர் ஆட்சியையும், கணக்கிலும் நிருவாகத்திலும் மராத்தியர் பெற்றிருந்த செல்வாக்கையும் எண்ணிப் பார்த்தால் இது வியப்பளிக்கும் முடிபன்று. கம்பெனி அலுவலகங்களில்கூடத் தொடக்கத்தில் மராத்திக் கணக்கு எழுதப்பட்டது. தஞ்சையிலிருந்து மட்டுமே இது பரவியது என்று சுருக்கிவிடவும் கூடாது. நவாபின் ஆட்சிப்பகுதியிலும் மைசூரை ஒட்டிய கொங்குப் பகுதியிலும் இதே சொல் வழங்குவதற்கான சூழல் இருந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இதே 'ஸ்தான' என்னும் சொல் தமிழுக்கு முன்னரே வேறொரு வாயில் வழியாகவும் வந்திருக்கிறது. சோழர், விசயநகரர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிருவாகிகள் தானத்தார், ஸ்தானத்தார் எனப் பெறுகின்றனர். படை தங்கும் இடத்தைக் குறிக்கும் தாணையம் என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரே வேர் கோயில் அதிகாரியையும், பாசறையையும், போலீஸ்காரனையும் பெயரிட்டது. நிலையாக ஓரிடத்தில் அமர்ந்து அதிகாரம் செலுத்துதல் என்பதே மூன்றிலும் ஓடும் பொதுப்பொருள்.

காவலும் டாணாவும்

கம்பெனி ஆட்சிக்கு முன் தமிழகத்து ஊர்களில் பாதுகாப்பு என்பது காவல் முறையாக இருந்தது. ஊரளவில் தலையாரியும் காவல்காரரும் செய்தது தலக்காவல். பாளையக்காரர்கள் பல ஊர்களைச் சேர்த்துத் தம் பொறுப்பில் கொண்டது தேசக்காவல் அல்லது திசைக்காவல். இரண்டிற்கும் ஊரார் தானியமாகவோ பணமாகவோ கூலி அளந்தனர். அதற்கு ஈடாக, களவுபோன பொருளை மீட்டுத் தருவதும், மீட்க இயலாவிடில் இழப்பீடு தருவதும் காவல்காரரின் கடமை. களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துத் தரப் பெறும் தொகை துப்புக்கூலி எனப்பட்டது. இம்முறையைப் பொற்காலமாக வருணிப்பது பிழை. காவல் கூலி மிரட்டிப் பெறும் தண்டமாக மாறிய இடங்கள் பல. காவல்காரரே களவுக்கு உடந்தையாக இருந்தனர் என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி எழுந்தது. ஆயினும் காவல் என்பது கொடுக்கல் வாங்கல் உள்ள ஓர் உறவு. காவல்காரனின் பெயர், சாதி, வீடு யாவும் ஊருக்குத் தெரியும்.

சென்னை நகரிலும் இவ்வாறே. கறுப்பர் நகரத்தின் காவல் பெத்தநாயக்கர் என்னும் பரம்பரைப் பதவியாளரிடம் இருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அதன் எச்சம்.

1801இல் கர்நாடகப் பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. பாளையக்காரர் போர்களுக்குப் பின் அவர்களின் காவல் உரிமைகள் பறிக்கப்பட்டன. வங்காளத்தில் காரன்வாலிசு 1790களின் தொடக்கத்தில் ஏற்படுத்தியிருந்த முறை, 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் சென்னை மாகாணத்திற்கும் கொண்டுவரப்பட்டது. அம்முறையில் நாடு தாணாக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் சம்பளம் பெறும் தாரோகா ஒருவர் நியமிக்கப்பட்டார். அவருக்குக் கீழ்ச் சேவகர் சிலர் இருந்தனர். முன்னரே பாசறை, சுங்கச்சாவடி, காவற்சாவடி ஆகியவற்றைக் குறித்து வந்திருந்த டாணா என்னும் சொல், இப்போதுதான் போலீசு என்னும் புதிய அமைப்போடு சட்டப்படி பிணைக்கப்பட்டது.

தென்னாட்டில் இம்முறைக்கு ஆயுள் குறைவு. ஊரறியாத அந்நியரான தாரோகாக்களால் பயனில்லை என்றும், ஊர்த்தலைவரையும் தாசில்தாரையும் கொண்டே காவலை நடத்த வேண்டும் என்றும் தாமசு மன்றோவும் அவரைச் சார்ந்தோரும் வாதிட்டனர். 1816ஆம் ஆண்டின் 11ஆவது ஒழுங்குவிதி தாரோகா முறையை நீக்கிப் போலீசு அதிகாரத்தைக் கலெக்டர், தாசில்தார், ஊர்மணியம் என்னும் வரிசையில் வைத்தது. வங்காளத்தில் தாணா தொடர்ந்தது. இன்றைய வங்காளதேசத்தில் அது நெடுங்காலம் வட்டார நிருவாக அலகின் பெயராகவே வழங்கியது. சென்னை மாகாணத்தில் அது சுமார் பதினான்கு ஆண்டுகளிலேயே சட்டத்திலிருந்து இறங்கிவிட்டது.

சட்டம் விட்ட சொல்லை மக்கள் விடவில்லை என்பதே இங்கு விளக்கம் வேண்டும் செய்தி. தாரோகா போனபின் அவருடைய இடத்தில் நின்றவர்கள் தாசில்தாரின் சேவகர்கள். வரி தண்டியவரும் அவரே, கள்வனைப் பிடித்தவரும் அவரே. இந்தக் கலப்பின் விளைவைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் அளித்த அறிக்கை பதிவுசெய்துள்ளது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரும் அக்குழுவின் உறுப்பினர்கள். விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் குனியக் கட்டிவைக்கும் அண்ணுந்தாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் அவ்வறிக்கையின் வழியே ஆங்கிலத்திற்குள் ஏறின. வரிபாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் ஒரே கருவி பயன்பட்டது. வாயிலில் வந்து நின்ற சேவகன் எதற்காக வந்தான் என்பதைப் பிரித்தறிய வேண்டிய தேவை குடியானவனுக்கு இல்லை. அவன் டாணாவிலிருந்து வந்தவன், அவ்வளவே. காவல்காரன் என்று அவனை அழைக்க முடியாது. அச்சொல் ஊருக்குள் வேறொருவனுக்கு உரியதாக இருந்தது. அதில் கடமை என்னும் பொருளும் அடங்கியிருந்தது. புதியவனுக்கு ஊரோடு கடமையில்லை. அவனை அவன் வந்த இடத்தால் பெயரிட்டனர்.

நிலையம், டேசன், டாணா

சித்திரவதைக் குழுவின் அறிக்கைக்குப் பின் வரியும் போலீசும் பிரிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டப்படி வில்லியம் ராபின்சன் தலைமையில் மாகாணப் போலீசு படை அமைந்தது. இதன் பின்னரே 1861இல் இந்தியப் போலீசு சட்டம் வந்தது. இப்புதிய படை ஆங்கிலப் பதவிப் பெயர்களைத் தன்னோடு கொண்டுவந்தது. ஹெட் கான்ஸ்டபிளின் 'ஹெட்' மக்கள் வாயில் ஏட்டு ஆயிற்று. அதனோடு ஐயா சேர்ந்து ஏட்டையா என மரியாதை விளியும் ஆயிற்று. ஸ்டேஷன் டேசன் ஆயிற்று.

பழைய சொற்கள் அனைத்தும் உடனே மறைந்துவிடவில்லை. பாரா, ஜமேதார், டபேதார், கச்சேரி ஆகியவை அலுவலக வழக்கில் நெடுங்காலம் நின்றன. 'போலீஸ் கச்சேரி' என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இயல்பான வழக்கு. கச்சேரி என்றதும் இசை நினைவுக்கு வரும் இன்றைய வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். மயிலாப்பூரின் கச்சேரி சாலை அப்பழைய பொருளை இன்றும் தாங்கி நிற்கிறது.

டாணாவின் கதை இவ்விடத்தில் ஒரு நுட்பமான திருப்பம் கொள்கிறது. இடத்தைக் குறிக்கும் பொருளை டேசன் எடுத்துக்கொண்டது. 'டாணாவுக்குப் போனான்' என்னும் வழக்கு மெல்லத் தேய்ந்தது. ஆளைக் குறிக்கும் டாணாக்காரன் மட்டும் பிழைத்தது. அடிச்சொல் வழக்கொழிந்த பின்னும் அதன் ஆக்கச்சொல் நிற்பது மொழி வரலாற்றில் அரிய நிகழ்வன்று. எனினும் இங்கு அதற்கொரு சமூகக் காரணம் உண்டு. இடத்தின் பெயர் பலகையில் எழுதப்படுவது. அரசு மாற்றினால் மக்களும் மாற்றிக்கொள்வர். ஆளுக்கு முதுகுக்குப் பின் இடப்படும் பெயருக்குப் பலகை இல்லை. அதை மாற்ற அரசாணையும் இல்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஸ்டேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் நிற்றல் என்னும் பொருளுடையதே. வடமொழியின் ஸ்தா என்னும் வேரும் அதுவும் ஓரினம். பின்னர் ஆட்சித்தமிழில் ஆக்கப்பட்ட 'காவல் நிலையம்' என்பதிலுள்ள நிலையம், நில் என்னும் தமிழ் வேரிலிருந்து பிறந்தது. டாணா, டேசன், நிலையம் என மூன்று ஆட்சிகள் மூன்று மொழிகளில் இட்ட பெயர்கள் மூன்றும் 'நிற்குமிடம்' என்றே பொருள்படுகின்றன. பெயர்கள் மாறிய அளவிற்குப் பொருள் மாறவில்லை.

வழக்கில் இச்சொல்

டாணாக்காரன் என்பது படர்க்கைக்கு மட்டும் உரிய சொல். ஒரு போலீஸ்காரரை நேர்முகமாக 'டாணாக்காரரே' என்று விளிப்பார் இல்லை. நேரில் அவர் ஐயா, ஏட்டையா, சார். அவர் தெருமுனை திரும்பியதும் டாணாக்காரன். இவ்வகையில் இது ஏட்டு என்பதிலிருந்து வேறுபடுகிறது. ஏட்டு விளியாகவும் சுட்டாகவும் வழங்கும். ஒரு சொல் அது குறிக்கும் ஆளின் காதுக்கு எட்டாத எல்லைக்குள் மட்டும் வழங்குவது, பேசுவோர்க்கும் அவ்வாளுக்கும் இடையிலுள்ள அதிகாரத் தொலைவின் அளவுகோல் எனலாம்.

-காரன் என்னும் ஈறு தன்னளவில் இழிவு உணர்த்துவதன்று. வண்டிக்காரன், கடைக்காரன் என்பவை தொழிற்பெயர்கள். ஆனால் -காரர் என உயர்த்திச் சொல்லும் வாய்ப்பிருந்தும் டாணாக்காரர் என்பது அருகியே வழங்குகிறது. போலீஸ்காரர் என்பதோ நாளிதழ் முதல் தெருப்பேச்சு வரை தாராளமாக வழங்குகிறது. மதிப்புத் தர வேண்டுமெனில் மக்கள் ஈற்றை மாற்றுவதில்லை, சொல்லையே மாற்றிவிடுகின்றனர். திருமணப் பேச்சில் மாப்பிள்ளை 'போலீசில் இருக்கிறார்'. அதே மாப்பிள்ளை வரதட்சணையில் பிடிவாதம் பிடித்தால் டாணாக்காரன் ஆகிவிடுவார்.

எச்சரிக்கை இச்சொல்லின் மற்றொரு பணி. சாராயம் காய்ச்சுமிடம், சீட்டாடுமிடம், சேவற்கட்டுக் களம் ஆகியவற்றில் 'டாணாக்காரன் வர்றான்' என்பது முழுச்செய்தி. அழும் குழந்தையை அடக்கவும் அதே தொடர் உதவியது. பூச்சாண்டியும் டாணாக்காரனும் ஒரே வரிசையில் நின்றனர்.

சென்னை வழக்கின் 'மாமா' முற்றிலும் வேறுவகை. அது உறவுப்பெயரை நையாண்டியாக ஏற்றியது. சிறையையும் காவல் நிலையத்தையும் மாமியார் வீடு என்னும் வழக்கோடு இணைத்து நோக்கினால் அதன் தருக்கம் விளங்கும். அழைத்துப்போவதற்கு ஆள் வருகிறது, சாப்பாடு கிடைக்கிறது, தங்க இடமும் கிடைக்கிறது. இந்தியிலும் சிறையை மாமியார் வீடு எனும் வழக்கு உண்டு என்பதால், இதனைத் தமிழுக்கே உரிய கற்பனை என்று கூற இயலாது. மாமா என்பதில் அச்சத்தைக் கேலியால் குறைத்துக்கொள்ளும் நகரத்தின் துணிவு தெரிகிறது. டாணாக்காரனில் அந்தக் கேலி இல்லை. அது தொலைவை மட்டும் சொல்கிறது. உடையைக் கொண்டு பெயரிடும் வழக்கு இன்னொரு வகை. புதுச்சேரிக் காவலர் பிரெஞ்சு மரபின்படி அணியும் சிவப்புத் தொப்பி அதற்குத் தக்க சான்று.

திண்ணைப்பள்ளி வழக்கில் ட என்னும் எழுத்தை டானா என்பர். இதனால் டாணாக்காரனை அவ்வெழுத்தின் மடங்கிய வடிவத்தோடு தொடர்புபடுத்தி விளக்கத் தோன்றும். ணகர னகர வேறுபாடு ஒன்றே அதனை மறுக்கப் போதும். ஏட்டு என்பதை ஓலை ஏட்டோடு இணைப்பதும் இத்தகைய மயக்கமே.

காவல் என்னும் சொல்லின் கைமாற்றம்

1859க்குப் பின் ஊர்க்காவல் முறை அரசின் கண்ணில் போட்டி அதிகாரமாயிற்று. குறிப்பாக மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் மறவரும் பிரமலைக் கள்ளரும் செய்துவந்த குடிகாவலை ஒழிப்பது போலீசின் நெடுங்காலத் திட்டம். 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்தில் செயலுக்கு வந்தது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். பிறப்பால் ஒருவரைக் குற்றவாளி எனப் பதிவுசெய்து, இரவில் வெளியூர் செல்லத் தடைவிதித்து, காவல் நிலையத்தில் வந்து படுக்க வைத்தது அச்சட்டம். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர்மீது போலீசார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

தலைமுறைகளாகக் காவல்காரர் என்று பெயர் பெற்றிருந்தவர்கள் இவ்வாறு கண்காணிக்கப்படுவோர் ஆயினர். அவர்களைக் கண்காணித்தவர்கள் ஊர்வாயில் டாணாக்காரர்கள். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் நிருவாகச் சொற்கள் தமிழாக்கப்பட்ட காலத்தில், போலீசு காவல்துறை ஆயிற்று. கான்ஸ்டபிள் காவலர் ஆனார். மொழிபெயர்ப்பு என்ற அளவில் இதில் குறைகாண முடியாது. இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்திருக்காது. ஆனால் வரலாற்றில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு சாராரிடமிருந்து தொழிலை எடுத்த அமைப்பிற்கே அத்தொழிலின் பெயரும் போய்ச் சேர்ந்தது. ஆட்சிச்சொல்லாக்கம் பற்றிய நம் ஆய்வுகள் கலைச்சொல்லின் தூய்மையையும் எளிமையையும் அளந்த அளவிற்கு, அச்சொல் முன்னர் யாருக்கு உரியதாக இருந்தது என்பதை அளந்ததில்லை. காவலர் என்னும் சொல் அறிவிப்புப் பலகையிலும் செய்தி அறிக்கையிலும் வேரூன்றிய பின்னரும் பேச்சுமொழி அதனைத் தயக்கத்தோடுதான் ஏற்றிருக்கிறது. 'காவலர் வந்தார்' என்று வீட்டில் பேசுவோர் இன்றும் சிலரே. 'போலீஸ் வந்துச்சு' என்று அஃறிணையில் பேசுவோர் மிகப் பலர்.

தொடக்கத்தில் சுட்டிய திரைப்படத்தின் இயக்குநர் தமிழ், முன்னர்க் காவல்துறையில் பணியாற்றியவர். பயிற்சிப் பள்ளியில் இளைஞர்கள் படும் ஒடுக்குமுறையைப் பேசும் படத்திற்கு அவர் இப்பெயரை இட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. முதுகுக்குப் பின் வழங்கிய பெயரை, அதனால் சுட்டப்பட்டவர்களுள் ஒருவரே தம் பெயராக முன்வைத்திருக்கிறார். படத்தில் அதிகாரத்தின் அடித்தட்டில் நிற்பவனும் அதே டாணாக்காரன்தான். மறுபுறம், இச்சொல்லுக்குப் பெண்பால் வடிவம் வேரூன்றவில்லை. டாணாக்காரி என்றால் டாணாக்காரனின் மனைவி என்றே முதலில் பொருள்படும். தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது 1992இல். அப்போது சொல் ஏற்கெனவே முதுமை எய்தியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது 'லேடி போலீஸ்'.

ஓசூரைக் கடந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் சாலையில் எல்லை தாண்டியதும் வரும் முதல் ஊர்களுள் ஒன்று அத்திபெலே. அங்குள்ள காவல் நிலையத்தின் பலகையில் கன்னட எழுத்தில் 'போலீஸ் டாணெ' என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. எல்லைக்கு இப்பால் பலகையில் உள்ளது 'காவல் நிலையம்'. டாணா என்பது தாத்தாவின் பேச்சில் மட்டும் இருக்கிறது.